பழக்கமாம், பழக்கம்!

அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சி நேற்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அங்கே வலி வரும் முன்பே பல் டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ளும் பெரியவர்களில் வெள்ளையர் அதிகமாம். கறுப்பினத்தவரும் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் மொழி வழி வந்த) மக்களும் குறைவாம். கூடவே அவள் கருத்து: 'எல்லாம் பழக்கம்தான்க்கா.'

எனக்கு உடனே தாராவி அத்தை ஞாபகம்தான் வந்தது.

அத்தை திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி இங்கே மும்பைக்கு வந்து நாற்பது வருஷம். இட்லி வியாபாரம். ராத்திரி மூன்று மணிக்கு அடுப்புப் பற்ற வைத்தால்தான் விடிவதற்குள் மாமாவின் சைக்கிளில் பாத்திரம் ஏறும். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா சொல்லிக் கொடுத்தது மிஷ்ரி. புகையிலையைத் தோசைக்கல்லில் கருக வறுத்துப் பொடித்து, விரலால் ஈறில் தேய்ப்பது. தேய்த்தால் தூக்கமும் போகும், பசியும் தெரியாது என்பார் அத்தை. பற்பசை, பல்பொடியில் புகையிலை கூடாது என்று அரசு 1992-இலேயே தடை போட்டுவிட்டது. வீட்டுத் தோசைக்கல்லுக்கு யார் தடை போடுவது?

சரி, இதுவரைக்கும் பழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். கடைவாய்ப் பல் வீங்கியபோது நான்தான் அத்தையைத் தெருமுனை கிளினிக்குக் கூட்டிப் போனேன். ஈறின் கறுப்பைப் பார்த்ததும் டாக்டர் என் பக்கம் திரும்பி, 'யே மிஷ்ரி லகாதீ ஹை க்யா?' என்றார், இவர் மிஷ்ரி தேய்ப்பாரா என்று. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த அத்தையைக் கேட்கவில்லை. ரூட் கேனால், கேப் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகையைக் கேட்டதும், 'பிடுங்கிரச் சொல்லு' என்றார் அத்தை. ரெண்டு மூன்று தடவை வந்து போகிற வைத்தியத்துக்கு ரெண்டு மூன்று நாள் இட்லி போகும். பிடுங்குவது ஒரே நாள். வலிக்கிற பல்லுக்கே இந்தக் கணக்கு என்றால், வலிக்காத பல்லைக் காட்ட யார் போவார்?

நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங் போகிறேன். ஒழுக்கம் எல்லாம் ஒன்றுமில்லை. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை, அரை நாள் லீவு போட்டால் சம்பளம் குறையாது. அத்தை வீட்டுக்கும் என் ஆபீசுக்கும் நடுவில் மித்தி ஆறுதான்.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் 1965-இல் சட்டமானபோதே வழக்கமான பல் சிகிச்சையை வெளியே விட்டுவிட்டார்கள். ஏழைகளுக்கான மெடிகெய்டில் பெரியவர்களின் பல்லைச் சேர்ப்பதும் விடுவதும் அந்தந்த மாநிலத்தின் இஷ்டம். மற்றபடி பல் காப்பீடு பெரும்பாலும் நல்ல வேலையோடு ஒட்டி வருவது. அந்த நாட்டில் நல்ல வேலை யார் யாருக்குக் கிடைத்தது என்பது தனிக் கதை. அங்கே பல் மருத்துவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அந்த நாற்காலியில் உட்காரும் கறுப்பினப் பெண்மணியிடம் டாக்டர் நேராகப் பேசுவாரா, கூட வந்தவரிடம் பேசுவாரா? நம் ஊரில் இதற்கு இனம் என்று சொல்ல மாட்டோம். வேறு சொல் வைத்திருக்கிறோம்.

தங்கச்சிக்கு இதையெல்லாம் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

அத்தை இப்போது இடது பக்கம்தான் மெல்லுகிறார். போன வாரம், 'ஏட்டி, இந்தப் பக்கமும் லேசா ஆடுது' என்றார். மிஷ்ரியை விட்டுவிடுங்கள் அத்தை என்றேன்.

'மூணு மணிக்கு நீ வந்து அடுப்புப் பத்த வைக்கியா?'