குழாய் எண்ணிக்கையை வைத்து வெற்றி என்று சொல்லாதீர்கள்

ஒரு அண்ணன், ‘குமரி கிராமங்கள்ல வீட்டுக்கு வீடு குழாய் வந்தாச்சு, குடிநீர்த் திட்டம் முழு வெற்றி’ என்று எழுதியிருக்கிறார். இது தவறான முடிவு. வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்டமே ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், தரமான நீர், தொடர்ந்து வர வேண்டும் என்கிறது. இந்தியத் தர அளவுப்படி 100 மில்லி குடிநீரில் ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) இருக்கவே கூடாது. தொட்டியில் மட்டும் சோதித்தால் போதாது, வீட்டுக் குடத்திலும் மாதிரி எடுக்கணும். கை பட்டு அங்கேயும் கெடும். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கோடையில் மட்டும் பார்த்தால், மழைக்காலத்தில் கழிப்பறைக் குழியிலிருந்து கிணற்றுக்கு ஊறுவது எப்படித் தெரியும்? சுகாதாரமும் அப்படித்தான். விழிப்புணர்வுக் கூட்டக் கணக்கு வேண்டாம்; கை கழுவுற இடத்தில் சோப்பும் தண்ணியும் இருக்கா, நேரில் பாருங்க.