தனியாகப் பாய் விரிக்கப் போகிறவர் எத்தனை அடிப் படகு வாங்க வேண்டும்?

லங்காவியில் 40 அடிப் பாய்மரப் படகு ஒன்று மலிவாக விலைக்கு வந்திருக்கிறது, வாங்கட்டுமா மாமா என்று என் அக்கா மகன் கேட்டான். கூட யாரும் இல்லை, தனியாகத்தான் ஓட்டப் போகிறானாம். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம் என்று அவனுடைய கூட்டாளிகளும் எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

தெரியாதவர்களுக்கு: நான் மலேசியாவின் சிலியாவ் ஊர்க்காரன், டீசல் மெக்கானிக். போர்ட்டிக்சனில் படகு எஞ்சின் பார்ப்பதுதான் பிழைப்பு. சொந்தமாகப் பழைய 27 அடிப் படகு ஒன்றும் உண்டு. தனியாகக் கடலில் வந்து சேரும் மாலுமிகளை ஜெட்டியில் நின்று பார்க்கிற ஆள் நான். என்ன உடைந்தது, எப்போது உடைந்தது, அப்போது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் எஞ்சின் மூடியைத் திறந்துகொண்டே கேட்டவன்.

நான் சொல்வது ஒன்றுதான். படகின் அளவை நல்ல நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். விடிகாலை நாலு மணி, இரவெல்லாம் தூக்கமில்லை, மழை கொட்டுகிறது, சுக்கானைத் தானாகப் பிடிக்கும் ஆட்டோபைலட் செத்துவிட்டது, பேட்டரி இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் அந்தப் படகில் இருக்கிற மிகக் கனமான வேலையை உங்கள் இரண்டு கையை மட்டும் வைத்துச் செய்து முடிக்க முடியுமா? முடியும் என்றால் அது உங்கள் அளவு. முடியாது என்றால், அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு உரியதல்ல.

கணக்கைப் பாருங்கள். 40 அடிப் படகு 26 அடிப் படகைவிட ஒன்றரை மடங்குதான் நீளம். ஜெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் கட்டிவைத்தால் 'கொஞ்சம் பெரிசு' என்றுதான் தோன்றும். ஆனால் நீளம் கூடும்போது அகலமும் ஆழமும் சேர்ந்தே கூடுகின்றன. 26 அடிப் படகு இரண்டரை டன் என்றால் 40 அடி எட்டு, ஒன்பது டன்னுக்குப் போய்விடும். பாயின் பரப்பு இரண்டு மடங்கைத் தாண்டும். காற்று அதற்கும் மேல். 10 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 20 ஆனால் பாயில் விழும் அழுத்தம் நாலு மடங்கு, 30 ஆனால் ஒன்பது மடங்கு. இத்தனையும் ஏறும்போது உங்கள் கை மட்டும் அதே கைதான்.

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மரம் உயர உயர அரிவாள் கட்டிய கழியை நீட்டுவார்கள். நீண்ட கழி எட்டாத குலையை எட்டும், உண்மைதான். ஆனால் நுனி ஆடும், அதைத் தூக்கி நிறுத்துவதற்குள்ளேயே பாதிப் பலம் போய்விடும். என் அப்பா மண்டோராக, அதாவது தோட்டத்துக் கங்காணியாக, இருந்தபோது ஆளைப் பார்த்துத்தான் கழி கொடுப்பார்.

நம் மலாக்கா நீரிணையைப் பெரிய கடல் இல்லை என்று பலர் லேசாக நினைக்கிறார்கள். பாதி நாள் காற்றே இருக்காது, எஞ்சினில்தான் ஓட வேண்டும். அதனாலேயே கவனம் தளர்ந்துவிடும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை 'சுமத்ரா' என்கிற திடீர்ச் சூறைக்காற்று வரும் காலம். மேற்கே கறுப்புச் சுவர் மாதிரி மேகம் எழும்பி வரும், பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும்தான். அசையாமல் கிடந்த காற்று சில நிமிடத்தில் 30, 40 நாட் வேகத்துக்கு எகிறிவிடும், கூடவே இடியும் மின்னலும். அந்தச் சில நிமிடத்துக்குள் பாயைச் சுருக்கி முடித்திருக்க வேண்டும். 26 அடிப் படகின் பெரிய பாயை நான் மாஸ்ட் (பாய்மரம்) அடியில் நின்று இழுத்து இறக்கி, மடித்துக் கட்டிவிடுவேன். 40 அடியில் அதே வேலையைச் செய்ய வேண்டுமானால், துணி நனைந்து கனத்து, அடித்துக்கொண்டு, கையை உதறித் தள்ளும். இரண்டு பேர் இருந்தால் சமாளிக்கலாம். நீங்களோ ஒரு ஆள்.

இங்கேதான் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: இப்போது எல்லாவற்றுக்கும் பொத்தான் இருக்கிறதே, கயிறு இழுக்க எலெக்ட்ரிக் விஞ்ச் இருக்கிறது, நங்கூரம் தூக்க மோட்டார் இருக்கிறது, பாய் தானாகச் சுருட்டிக்கொள்ளும்.

இருக்கிறது. அவற்றைக் கழற்றிப் பழுது பார்க்கிறவன் நான். நங்கூர மோட்டார் படகின் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. அலை அடிக்கிற முதல் இடமே அதுதான். உப்புத் தண்ணீர் சீலுக்குள் இறங்கி, கார்பன் பிரஷ் பச்சைப் பொடியாகி நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். பேட்டரியிலிருந்து அதுவரை ஓடும் கேபிள் படகு நீளம் முழுக்கப் போக வேண்டும். நுனியில் துரு ஏறினால் மோட்டார் முனகும், சுழலாது. பாய் சுருட்டும் டிரம்மில் கயிறு ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறுகினால் பாதிப் பாய் வெளியே நின்றுவிடும், அதுவும் காற்று கூடும்போதுதான் இறுகும். நங்கூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 27 அடிக்கு 10 கிலோ நங்கூரமும் 8 மில்லிமீட்டர் சங்கிலியும் போதும். பத்து மீட்டர் ஆழத்தில் தொங்கும் மொத்தக் கனம் ஏறக்குறைய 24 கிலோ. மோட்டார் படுத்துவிட்டாலும் மூச்சு வாங்கிக்கொண்டு இழுத்துவிடலாம். 40 அடிக்கு 20 கிலோ நங்கூரம், 10 மில்லிமீட்டர் சங்கிலி. அதே ஆழத்தில் 40 கிலோவைத் தாண்டும். ஆடுகிற மூக்கில், ஈரத்தில், தனியாக நின்று அதை இழுத்துப் பாருங்கள். முதுகு போய்விடும். மோட்டார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டாலும் ஓட்டக்கூடிய படகில் அதைப் பொருத்துங்கள்.

அடுத்தது ஜெட்டி. தனியாக ஓட்டுகிறவர்கள் கடலைவிட மெரினாவுக்குள் நுழைவதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள், என்னிடம் வாய்விட்டுச் சொல்கிறார்கள். சுக்கானில் ஒரு ஆள், கயிறு பிடிக்க ஒரு ஆள், படகு ஜெட்டியில் இடிக்காமல் தட்டணை வைக்க ஒரு ஆள் என்று மூன்று பேர் வேலை. தனி ஆளுக்கு ஒரு வழி உண்டு. படகின் நடுப்பகுதியிலிருந்து ஒரே ஒரு கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி, ஜெட்டியில் பின்பக்கமாகக் கட்டி, எஞ்சினை மெதுவாக முன் கியரில் விட்டால் படகு ஜெட்டியோடு ஒட்டி நிற்கும். அப்புறம் மற்றக் கயிறுகளை நிதானமாகக் கட்டலாம். சிறிய படகில் இது அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் சுக்கானிலிருந்து இரண்டு எட்டில் நடுவுக்கு வந்து, ஒரு அடி வைத்தால் ஜெட்டி. பெரிய படகில் தளம் உயரம். தாவித்தான் இறங்க வேண்டும். அதற்குள் பக்கக் காற்று எட்டு டன்னைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதைக் கையாலோ காலாலோ நிறுத்த நினைக்கவே கூடாது.

தண்ணீரில் விழுவதைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். தனியாக இருக்கும்போது விழுந்தால் படகு உங்களுக்காகத் திரும்பி வராது. அதனால் உடம்பைப் படகோடு கட்டிவைக்கும் ஹார்னஸ் மாட்டுவது கட்டாயம். ஹார்னஸில் தொங்கிக்கொண்டிருந்தாலும் திரும்ப ஏற வேண்டுமே. தாழ்ந்த தளமும், தண்ணீரிலிருந்தே இழுத்து இறக்கக்கூடிய ஏணியும் இருந்தால் வாய்ப்பு உண்டு. ஒரு மீட்டருக்கு மேல் உயரமான வழவழப்பான சுவரில் எதைப் பிடித்து ஏறுவது?

என் மருமகன் கெட்டிக்காரன், எதிர்க்கேள்வி வைத்திருந்தான். 1999இல் நம் அஸ்ஹார் மன்சோர் 'ஜாலூர் கெமிலாங்' படகில் தனியாக உலகைச் சுற்றினாரே, அது என்ன சின்னப் படகா? இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி 2012-13இல் 56 அடி 'மாதேய்' படகில் எங்கும் நிற்காமல் சுற்றி வந்தாரே?

நல்ல கேள்வி. அஸ்ஹார் லங்காவிக்குத் திரும்பியபோது நாங்களும் பெருமைப்பட்டோம். ஆனால் அவர்கள் பின்னால் தயாரிப்பும் பயிற்சியும் ஆட்களும் இருந்ததை மறக்காதே. அதே அபிலாஷ் டோமி 2022இல் தொடங்கிய, தனியாக நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் 36 அடிப் படகில் போய் இரண்டாவதாக வந்தார். அந்தப் பந்தயத்தில் எல்லாப் படகும் 32 அடியிலிருந்து 36 அடிக்குள்தான். முதன்முதலில் தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் போனது பம்பாயில் கட்டிய 32 அடி 'சுஹைலி'யில். அமெரிக்கப் பெண் டானியா ஏபி 18 வயதில் 1985இல் கிளம்பி 1987இல் திரும்பியது 26 அடிப் படகில். மறுபக்கமும் பார். 1976இல் பிரான்ஸின் அலென் கோலா அட்லாண்டிக் தனியோட்டப் பந்தயத்துக்கு 72 மீட்டர், அடி அல்ல, மீட்டர், நீளப் படகில் போனார். பாய் தூக்கும் கயிறுகள் அறுந்து நடுவில் நியூஃபவுண்ட்லாந்தில் ஒதுங்க வேண்டியதாயிற்று. அடுத்த பந்தயத்திலேயே 56 அடிக்கு மேல் கூடாது என்று விதி வந்துவிட்டது.

பெரிய படகுக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய அலையில் அது நிலையாக நிற்கும். வேகமும் கூட. 26 அடிப் படகில் தண்ணீரைத் தொடும் நீளம் 20 அடி என்றால் உச்ச வேகம் 6 நாட், 40 அடிப் படகில் அது 34 அடி என்றால் 8க்குச் சற்றுக் குறைவு. குடும்பத்தோடு பெருங்கடல் கடக்கப் போகிறவர் பெரிதாகவே வாங்கட்டும். உயரமான ஆள் 26 அடியின் அறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது, நம் வெயிலுக்கு உள்ளே புழுங்கும், இதுவும் உண்மை. ஆனால் நம் கரையில் தனியாக ஓடுகிறவர் இரவில் ஓடவே கூடாது. கப்பல் பாதை ஒரு பக்கம், விளக்கில்லாத மீன்பிடிப் படகும் வலையும் மறுபக்கம், பார்ஜை நீளக் கயிற்றில் இழுத்துப் போகும் டக் படகுகள் வேறு. தூங்க முடியாத கடல் இது. போர்ட்டிக்சனிலிருந்து கிள்ளான் ஏறத்தாழ 45, 50 கடல் மைல். மணிக்கு 5 நாட் போனாலே வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடலாம். அந்த இரண்டு நாட் வேகத்துக்காக மூன்றரை மடங்கு கனத்தை ஏன் சுமக்க வேண்டும்?

பணத்தைப் பற்றி நீட்ட மாட்டேன். மெரினா வாடகை அடிக்கணக்கில். அடிப்பெயிண்ட், கயிறு, பாய், எஞ்சின் பாகம் எல்லாமே அளவோடு சேர்ந்து ஏறும். வாங்கிய விலை மலிவாக இருந்தது என்பதற்காகப் பாய்த் துணிக்காரர் விலையைக் குறைக்க மாட்டார்.

ஆகவே, நம் கரைக்குத் தனி ஆளுக்கு 25 முதல் 30 அடி. சுக்கானைத் திருப்ப டில்லர் என்கிற கைத்தடி இருந்தால் நல்லது, அதைத் தானாகப் பிடிக்கச் சின்ன டில்லர் பைலட் போதும், மின்சாரமும் குறைவாகவே குடிக்கும். தாய்லாந்து, இந்தோனேசியா என்று மாதக்கணக்கில் படகிலேயே வாழப் போகிறவர் 32, 34 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் இன்னும் இரண்டு அடி குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பு இறங்கும், படகின் கனம் இறங்காது.

இதை இவ்வளவு விலாவாரியாக எழுதக் காரணம் இருக்கிறது. சிலியாவிலிருந்து கடல் 20 நிமிடம். அப்படியிருந்தும் நம் தோட்டத்துப் பிள்ளைகளில் பாய் பிடித்தவர்கள் எத்தனை பேர்? பணக்காரர் விளையாட்டு என்று ஒதுங்கியே பழகிவிட்டோம். ஒருவன் துணிந்து வருகிறான். அவன் 40 அடியில் சிக்கி, கடன்பட்டு, ஒரு தடவை பயந்து, படகை ஜெட்டியில் பாசி பிடிக்க விட்டுப் போவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. அவன் பின்னால் இன்னும் பத்துப் பேர் வரவேண்டும். 4.23 மீட்டர் லேசர் படகில், 59 கிலோ எடையில், ஒரே பாயோடு கற்றுக்கொண்டாலும் காற்றைக் கற்றதுதான். முதலில் அதில் ஏறுங்கள்.

மருமகனே, விலை பேசுவதற்கு முன் அந்தப் படகில் மூன்று வேலையைத் தனியாகச் செய்து பார். மோட்டாரை அணைத்துவிட்டு நங்கூரத்தைக் கையால் தூக்கு. 15 நாட் காற்றில் பெரிய பாயை ஏற்றி, சுருக்கி, இறக்கு. பக்கக் காற்றில் ஜெட்டியில் கொண்டுவந்து கட்டு. விற்கிறவர் படகிலேயே இருக்கட்டும், ஆனால் கை வைக்கக் கூடாது. அதற்கு முன் இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பசியாறிவிட்டு ஜெட்டிக்கு வா, இதே மூன்றையும் என் 27 அடியில் செய்யலாம். உன் கூட்டாளிகளையும் கூட்டி வா, லைஃப் ஜாக்கெட் என்னிடம் இருக்கிறது. அதுவரை லங்காவிக்காரருக்கு முன்பணம் அனுப்பாதே.