சிவப்பு வட்டம் போட்டவருக்கு

நான் போட்ட ஒரு ஆங்கிலப் பயிற்சிப் பதிவை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தப்புக்குச் சிவப்பு வட்டம் போட்டுக் கேலியாகப் பரப்பிவிட்டார். மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு அந்த ஸ்கிரீன்ஷாட் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்துவிட்டது. பெயரை மறைத்திருந்தார்கள், அந்த மட்டும் நன்றி. "அக்கா, இதப் பாத்தீங்களா, செம காமெடி" என்று அனுப்பியவன் எனக்கு அடுத்த மேஜையில் உட்காருகிற பையன். எழுதியது நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. "ஆமா தம்பி, செம காமெடி" என்று பதில் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

விஷயம் உங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாதவர்கள் தேடிப் போய் அவருக்கு இன்னும் நாலு லைக் சேர்க்க வேண்டாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் எழுதிய எட்டு வரிக்கு மேலே "ஆங்கிலப் பயிற்சி, நாள் 41" என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். ஸ்கிரீன்ஷாட்டில் அந்த வரி இல்லை. அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தில் சிவப்பு வட்டம் போட்டு, கீழே திருத்தமும் எழுதி, ஷேக்ஸ்பியர் ஆத்மா சாந்தியடையட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார் அந்த நல்லவர். பயிற்சி என்ற சொல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தவறு மட்டும்தானே சார். எடுத்தது நீங்கள்.

அது பயிற்சி. திருப்பூரில் காலை ஒன்பது மணிக்கு கம்பெனிக்குள் போய் ராத்திரி எட்டு மணிக்கு வெளியே வருகிற ஒரு மெர்ச்சண்டைசர் (துணி ஆர்டர்களைக் கவனித்துக்கொள்கிற வேலை), 44 வயதில், பாத்திரம் கழுவி முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதிய பயிற்சி. நான் ஒன்றும் ஆங்கில வாத்தியார் என்று போர்டு மாட்டிக்கொண்டு எழுதவில்லை.

வட்டம் போட்ட வாக்கியம் "ஹார்ட்லி" (hardly) என்று தொடங்குவது. அந்தச் சொல்லை முதலில் வைத்தால் வாக்கியத்தின் வரிசையே மாறிவிடும். "ஐ ஹேட்" (I had) என்பது "ஹேட் ஐ" (had I) ஆகிவிடும். நான் மாற்றாமல் விட்டுவிட்டேன். தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். இதையே தமிழில் "நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேனோ இல்லையோ, பஸ் கிளம்பிவிட்டது" என்று எவ்வளவு லேசாகச் சொல்கிறோம். அந்த "போனேனோ இல்லையோ"வை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அம்மா திட்டுவதைக் கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்தில் திட்டுகிற அம்மா எனக்கு வாய்க்கவில்லை. எழுதித்தான் பழக வேண்டும், எழுதினால் தப்பு வரும்.

"புரிந்தால் போதாதா, இந்த வயசுல அட்வான்ஸ்டு கிராமர் எதுக்கு அக்கா?" என்று அன்பாகவே கேட்டிருக்கிறார்கள் சிலர். அன்புக்காகக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மனி பையருக்கு (எங்களிடம் துணி வாங்குகிறவர்) மெயில் அனுப்பினேன். சாம்பிள் பார்த்துவிட்டு அவர்கள் அனுப்பிய கமெண்ட்ஸில் ஏழெட்டு இடம் தெளிவாக இல்லை. "வீ ஹேவ் மெனி டவுட்ஸ் அபௌட் யுவர் கமெண்ட்ஸ்" என்று தொடங்கி வரிசையாகக் கேட்டிருந்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் நேராக எங்கள் முதலாளிக்கு மெயில் போனது: எங்கள் கமெண்ட்ஸ் மேல் உங்கள் ஆட்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று. முதலாளி அறையில் நின்றபோதுகூட என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. "சார், ஒரு சந்தேகம்" என்று கையைத் தூக்கி வளர்ந்தவள் நான். நமக்கு சந்தேகம் என்றால் கேள்வியும்தான், அவநம்பிக்கையும்தான். அவர்களுடைய "டவுட்"டில் கேள்வி இல்லை, அவநம்பிக்கைதான் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. நீங்களாக இருந்தாலும் அதில் சிவப்பு வட்டம் போட்டிருக்க மாட்டீர்கள் சார்.

"புரிந்தால் போதும்" என்கிறீர்கள், இலக்கணம் சரியாக இருந்தும் புரியாமல் போன கதை இது. மேல்நிலை ஆங்கிலம் என்பது பெரிய பெரிய சொல்லை அடுக்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முக்கால்வாசி இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள்தான். தமிழில் வெயில் அடிக்கும், மழை பெய்யும், மின்னல் வெட்டும். "வெயில் பெய்கிறது" என்று ஒருவன் சொன்னால் புரியும், ஆனால் ஊர்க்காரன் இல்லை என்று தெரிந்துவிடும். அங்கேயும் மழை "ஹெவி", காற்று "ஸ்ட்ராங்". மாற்றிப் போடக்கூடாது. ஏன் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. இன்னொன்று, "அவரை 1998இல் பார்த்திருக்கிறேன்" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அதை அப்படியே "ஐ ஹேவ் சீன்" என்று ஆரம்பித்து 1998 என்று முடித்தால் தப்பு. வருடத்தைச் சொல்லிவிட்டால் அங்கே "சா" (saw) தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது வருடம் ஆனது, யாரும் சொல்லவில்லை. சிரித்திருப்பார்கள், சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஐரோப்பிய கவுன்சில் 2001இல் கொண்டுவந்த மொழித் திறன் அளவுகோலில் ஏ1 தொடங்கி சி2 வரைக்கும் ஆறு படி. நான் நாலாவது படியான பி2வில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். பலரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம், ஏனென்றால் அந்தப் படியில் வேலை ஓடிவிடும். ஒரு நாவலை அகராதி இல்லாமல் படிக்க 8,000, 9,000 சொற்குடும்பங்கள் (ஒரே வேரில் வருகிற சொற்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் என்கிற மொழியியல் பேராசிரியர் கணக்குப் போட்டிருக்கிறார். என் நோட்டில் இதுவரை 412 சேர்ந்திருக்கிறது. சிரிக்கிறவர்கள் இதற்கும் சிரித்துக்கொள்ளுங்கள்.

"தமிழச்சிக்கு எதற்கு இங்கிலீஷ் மோகம்" என்று ஒருவர். ஐயா, இந்தப் பதிவு எந்த மொழியில் இருக்கிறது? அடுத்தவர்.

"எல்லாத்தையும் சாட்ஜிபிடியே எழுதிக் கொடுத்துடுமே." சரி, மெயிலை அது எழுதட்டும், நானும் எழுதச் சொல்வதுண்டு. வீடியோ காலில் பையர் முகத்தைப் பார்த்து "ஷிப்மென்ட் ஏன் லேட்" என்று கேட்கும்போது யார் பேசுவது?

கடைசியாக அந்த "ஜோக்குதானே, இதுக்குப் போயா" கோஷ்டி.

கல்லூரியில் முதல் வருடம். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. ஆங்கில வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். ஒரு ராணுவ அதிகாரியைப் பற்றிய பாடம். "கொலோனல்" என்று வாசித்தேன். எழுத்தைப் பார்த்தால் அப்படித்தானே இருக்கிறது! அதைக் "கர்னல்" என்று சொல்ல வேண்டும் என்று எந்த எழுத்து சொல்கிறது? வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். மூன்று வருடம் எனக்குப் பெயர் கொலோனல். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. அதுவும் ஜோக்குதான். அன்றைக்கு ரொம்பச் சத்தமாகச் சிரித்தவள் என்னைப் போலவே தமிழ் மீடியம், எங்கள் பஸ்ஸில் வருகிறவள். அவள் முறை வரும்வரை சிரித்துத் தள்ளிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

இத்தனை வருடத்தில் ஒரு வெளிநாட்டுக்காரரும் என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரித்ததில்லை. கோபப்பட்டிருக்கிறார்கள், அது வேறு. அந்த ஜெர்மனிக்காரரே நேரில் வந்தபோது "ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ டேஸ்" என்றார். அவர் மொழியில் அப்படித்தான் வரும். நான் வட்டம் போடவில்லை, காபி கொடுத்தேன். எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் ஒடிசாப் பையன் ஒருவன், "அக்கா, நான் நேத்து வரும்" என்பான். எல்லோருக்கும் அவன் தமிழ் அவ்வளவு இனிப்பு. நமக்குள் ஒருவர் ஆங்கிலத்தில் தடுக்கினால் மட்டும் அப்படி என்ன குஷி? யாருக்குப் பயந்து நாம் ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொண்டிருக்கிறோம்?

1913இல் கேம்பிரிட்ஜ் முதன்முதலாக வெளிநாட்டவருக்கென்று ஓர் உயர்நிலை ஆங்கிலத் தேர்வு நடத்தியது. மொத்தம் 12 மணி நேரம் எழுத வேண்டும். எழுதியவர்கள் 3 பேர். ஒருவரும் தேறவில்லை. அந்த மூன்று பேரை நினைத்தால் எனக்குப் பாசமாக இருக்கிறது. யாரோ அவர்களைப் பார்த்தும் சிரித்திருப்பார்கள். தேர்வு என்னவோ இன்றுவரை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பதிவை நீக்கச் சொல்லி இன்பாக்ஸில் வந்த தோழிகளுக்கு: நீக்க மாட்டேன். பயிற்சி நோட்டில் பக்கத்தைக் கிழித்தால் தையல் விட்டுப் போகும்.

இன்றைக்கு நாள் 44. காலையில் பஸ்ஸில் அந்த வாக்கியத்தையே மறுபடி எடுத்து வைத்துப் படித்தேன். "ஹார்ட்லி" என்று தொடங்கினால் நடுவில் "வென்" வர வேண்டும். "நோ சூனர்" என்று தொடங்கினால்தான் "தேன்" (than, குடிக்கிற தேன் இல்லை). நான் "ஹார்ட்லி" போட்டு "தேன்" எழுதியிருக்கிறேன். ஆக, ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு.

நீங்கள் வட்டம் போட்டது ஒன்றுக்குத்தான் சார். கீழே சரியான வாக்கியம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, அதில் இரண்டாவது தப்பு அப்படியே இருக்கிறது. 600 பேர் சிரித்திருக்கிறார்கள், ஒருவரும் பார்க்கவில்லை.