நைட்டுகளின் கருணை யாருக்குக் கிடைத்தது?

இடைக்கால நைட்டுகளின் பெருமையைப் பற்றிப் பேச்சாளர் ஒருவர் பேசிய சனிக்கிழமை கூட்டத்தின் காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நான் எழுந்து கேட்ட கேள்வி அதில் வெட்டப்பட்டிருக்கிறது. "அம்மா, வரலாற்றை ரசிக்கப் பழகுங்கள்" என்று மேடையிலிருந்து வந்த பதிலும் அதற்கு எழுந்த கைத்தட்டலும் மட்டும் மிச்சமிருக்கின்றன. 19 ஆண்டுகளாக வகுப்பறையில் வரலாறு சொல்லிக்கொடுப்பவளுக்கு அந்தக் கைத்தட்டல் வலித்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

இடைக்கால ஐரோப்பாவில் குதிரையேறிப் போரிட்ட மேட்டுக்குடி வீரர்களான நைட்டுகள் பெண்ணைப் போற்றினார்கள், எளியவரைக் காத்தார்கள், எல்லோரும் சமம் என்று பேசத் தொடங்கிய பிறகே அந்தப் பண்பு அழிந்தது என்றார் பேச்சாளர். எந்தப் பெண்ணை, எந்த எளியவரை என்று மட்டுமே நான் கேட்டேன்.

அவர் உருகிச் சொன்ன கதையையே எடுத்துக்கொள்கிறேன். 1356 செப்டம்பரில் புவாத்தியே போர்க்களத்தில் பிரான்சின் மன்னர் இரண்டாம் ஜான் பிடிபட்டார். வென்ற இங்கிலாந்து இளவரசர் எட்வர்டு அன்றிரவு அவரை அமர வைத்துத் தம் கையாலேயே உணவு பரிமாறினார் என்று அந்நூற்றாண்டின் வரலாற்றெழுத்தாளர் ஃபுருவாசார் எழுதிவைத்திருக்கிறார். அழகான காட்சிதான். ஆனால் அதே இளவரசர்தான் முந்தைய ஆண்டின் இறுதியில், தென்பிரான்சில் போர்தோவிலிருந்து நார்போன் வரை சென்று திரும்பிய இரண்டு மாதங்களில், வழிநெடுகக் கிராமங்களைக் கொளுத்தினார். வழியிலிருந்த கார்க்கசோனின் கீழ்நகரம் எரிந்து சாம்பலானது. கோபத்தில் நிகழ்ந்த தவறு அல்ல அது. எதிரி மன்னனுக்கு வரி கட்டும் ஊர்களை அழிப்பது அன்றைய போர்முறையாகவே இருந்தது. பிடிபட்ட மன்னருக்கு விருந்து கிடைத்தது. அவரை மீட்க 1360 உடன்படிக்கையில் பேசப்பட்ட தொகை 30 லட்சம் பொற்காசுகள்; அதற்காக உப்பின் மீதும் மதுவின் மீதும் சந்தைச் சரக்கின் மீதும் வரி விழுந்தது.

எந்தப் பெண்ணை என்று கேட்டதற்கு 1358 ஜூனில் மோ நகரில் நடந்ததே போதும். வடபிரான்சின் உழவர்கள் கிளர்ந்தெழுந்த நேரத்தில் பிரபு குடும்பப் பெண்கள் அங்கே தஞ்சம் புகுந்திருந்தார்கள். அவர்களைக் காக்க ஓடிவந்த நைட்டுகளில் ஒருவர், புவாத்தியேவில் இங்கிலாந்தின் பக்கம் நின்று பிரான்சுக்கு எதிராகப் போரிட்ட ஜான் தெ கிரெய்லி. உழவன் எழுந்தவுடன் பகைவர்கள் ஒன்றாகிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். சீமாட்டிகள் காப்பாற்றப்பட்டார்கள், நகரம் கொளுத்தப்பட்டது, உழவர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அந்த நகரத்து வீடுகளிலும் பெண்கள் இருந்தார்கள் அல்லவா? 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரபுக்களின் காதலைப் பற்றி எழுதிய ஆந்திரேயாஸ் கப்பெல்லானுஸ், உழவர் வீட்டுப் பெண் மேல் ஆசை வந்தால் கொஞ்சம் புகழ்ந்துவிட்டு வலுவந்தமாக அடையத் தயங்காதே என்று எழுதியிருக்கிறார். அவர் விளையாட்டாக எழுதினார் என்று சில அறிஞர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். எந்தப் பெண்ணை வைத்து விளையாடலாம் என்று நினைத்தார் என்பதே எனக்குப் போதும்.

இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதரை அளக்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். நான் அன்றைய அளவுகோலால்தான் அளக்கிறேன். 989இல் பிரான்சின் ஷாரூவில் கூடிய பிஷப்புகள், ஏழையின் ஆட்டையும் மாட்டையும் கழுதையையும் பறிப்பவரைத் திருச்சபையிலிருந்து விலக்குவோம் என்று அறிவித்தார்கள். பறித்தவர்கள் இருந்ததால்தானே அந்த அறிவிப்பு வந்தது? நைட்டுகளில் நல்லவரே இல்லையா என்றும் கேட்பீர்கள். இருந்திருப்பார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் நல்லவராக இருந்தால்தான் இன்னொருவரின் மாடு மிஞ்சும் என்ற ஏற்பாட்டைப் பண்பாடு என்று மேடையேறிப் புகழ என்னால் முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் பதினொன்றாம் வகுப்பில் விவிலியத்தின் சங்கீதங்களைக் கொண்ட, லட்ரெல் சங்கீத நூல் என்ற கையெழுத்துப் பிரதியின் படங்களைக் காட்டினேன். 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஜெஃப்ரி லட்ரெல் என்ற ஆங்கிலேய நைட்டுக்காக எழுதப்பட்டது அது. ஒரு பக்கத்தில் அவர் குதிரை மேல் இருக்க, மனைவி தலைக்கவசத்தை நீட்டுகிறார், மருமகள் கேடயத்தோடு நிற்கிறார். இன்னொரு பக்கத்தில் மூன்று பெண்கள் அறுவடையில் இருக்கிறார்கள்; இருவர் குனிந்து அறுக்க, ஒருத்தி மட்டும் அரிவாளைப் பிடித்தபடியே நிமிர்ந்து முதுகை நெட்டி முறிக்கிறாள். பிள்ளைகளுக்கு நைட்டும் குதிரையும்தான் பிடித்திருந்தன. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும், "மிஸ், எங்கம்மா இப்படித்தான் நிப்பாங்க" என்றாள். 19 ஆண்டுகளில் நான் சொல்லிக்கொடுத்த எதையும்விட அந்த மாணவி எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதிகம். வரலாற்றை ரசிக்கத் தெரியாதவள் என்று என்னைச் சொன்னபோது அந்த மாணவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சமத்துவப் பேச்சுதான் எல்லாவற்றையும் அழித்தது என்பதையும் விட்டுவிட முடியாது. 1348இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோய், மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களைக் கொண்டுபோனது. ஆள் கிடைக்காததால் கூலி ஏறியது. உடனே 1351இல் சட்டம் போட்டு, நோய்க்கு முந்தைய கூலியையே வாங்க வேண்டும் என்றார்கள். எளியவரைக் காப்பவர்கள் கொண்டுவந்த சட்டம் இது. 1381இல் உழவர்கள் லண்டனுக்குள் புகுந்தபோது, 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்டு நகருக்கு வெளியே மைல் எண்டில் பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக வாக்களித்துச் சாசனங்களும் எழுதிக்கொடுக்கச் செய்தார். அது ஜூன் 14. ஜூலை 2ஆம் தேதி அவை செல்லாது என்று அறிவித்துவிட்டார். தமக்காக ஆங்கிலேயரிடம் பிணையாக இருந்த மகன் தப்பியதும், வாக்கு தவறக் கூடாது என்று 1364இல் தாமே லண்டனுக்குத் திரும்பி அங்கேயே இறந்த அதே பிரெஞ்சு மன்னர் ஜானைப் பேச்சாளர் புகழ்ந்தார். மன்னனுக்கு மன்னன் கொடுத்த வாக்கு உயிர் உள்ளவரை நின்றது. உழவனுக்குக் கொடுத்த வாக்கு 18 நாள்தான் தாங்கியது.

காணொளியில் வெட்டியதை இங்கே முழுமையாக எழுதிவிட்டேன். பேச்சாளர் இந்தப் பதிவைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். ரசிப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். மோ நகரில் வீட்டோடு எரிந்தவர்களை அந்த நைட்டுகள் ஏன் காக்கவில்லை என்று மட்டும் சொல்லட்டும்.