மல்லாவிக் கிரவலில் ஒரு மவுண்டன் சைக்கிள்

பின்னேரங்களில் என் வீட்டு வாசலுக்குச் சைக்கிள் திருத்த வரும் பெடியன்களுக்குள் போன கிழமை ஒரு வாக்குவாதம். பினரெல்லோ, செர்வெலோ மாதிரிப் பந்தய றோட்டுச் சைக்கிளிலேயே பெயரெடுத்த கம்பனிகள் மவுண்டன் சைக்கிளுக்குள் இறங்கியது சரியா பிழையா என்று. "பெயர் இருக்குது, அதை வைச்சு உழைக்கினம், அவ்வளவுதான் அண்ணை" என்றான் ஒருவன். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. கை முழுக்கக் கிறீஸோடு நின்று விளங்கப்படுத்த முடியாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

மவுண்டன் சைக்கிளைப் பெற்றுப் போட்டவர்களே றோட்டுச் சைக்கிள்காரர்கள்தான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் கரி பிஷர், ஜோ பிறீஸ் போன்ற இளைஞர்கள் 1930களின் பாரமான ஷ்வின் சைக்கிள்களைத் தேடி எடுத்து மலைப் பாதையில் இறக்கி ஓடினார்கள். இருவருமே றோட்டுப் பந்தயம் ஓடியவர்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பழைய பிறேக். அடிவாரத்துக்கு வந்து சேரும்போது பின் சில்லின் குடத்துக்குள் கிறீஸ் எரிந்து புகை வரும். ஒவ்வொரு முறையும் கழற்றிப் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'றீபாக்' என்று பெயர் விழுந்தது. 1976இல் அங்கே பந்தயம் தொடங்கியது. அடுத்த வருடம் ஜோ பிறீஸ் அந்தப் பாதைக்கென்றே ஒரு பிறேமைத் தன் கையால் ஒட்டினார். 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற பெயரில் மவுண்டன் சைக்கிளை முதன்முதலாகத் தொகையாகச் செய்வித்து விற்ற ஸ்பெஷலைஸ்ட் கம்பனியும், ஐரோப்பாவிலிருந்து சைக்கிள் பாகங்கள் இறக்கி விற்றுத்தான் தொழிலைத் தொடங்கியது.

ஆகவே எங்கிருந்து வந்தாய் என்று ஒரு கம்பனியைக் கேட்பதில் பயனில்லை. இந்த நிலத்தில் ஓடிப் பார்த்தாயா என்று கேட்க வேண்டும்.

இத்தாலிக் கம்பனியான பினரெல்லோவைப் பாருங்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரித்தானிய ஓட்டக்காரர் டொம் பிட்கொக் மவுண்டன் சைக்கிள் தங்கம் வென்றபோது, அவருடைய அணிக்குச் சைக்கிள் கொடுத்துக்கொண்டிருந்தது பினரெல்லோ. ஆனால் அந்தப் பந்தயத்துக்குத் தோதான சைக்கிள் அப்போது அவர்களிடம் இல்லை. பிட்கொக், பீஎம்சீ என்ற வேறு கம்பனியின் சைக்கிளில், அதன் பெயர் எழுதாமல்தான் ஓடினார். இத்தாலிக்காரருக்கு அது எவ்வளவு சுட்டிருக்கும்! பிறகு டொக்மா எக்ஸ்சீ என்ற அவர்களுடைய மவுண்டன் சைக்கிள் வந்தது. 2023 உலகப் பட்டத்தை ஆண்களில் பிட்கொக்கும் பெண்களில் போலின் ஃபெரான் பிறெவோவும் அந்தச் சைக்கிளில்தான் எடுத்தார்கள். 2024 பாரிஸில் இரண்டு தங்கமும் அதற்குத்தான். பாரிஸில் பிட்கொக்கின் ரயர் இடைநடுவில் காற்றுப் போய், சில்லு மாற்றி, துரத்திப் பிடித்து வென்றார். தங்கள் ஓட்டக்காரன் வேறொருவருடைய சைக்கிளில் வென்றதைப் பார்த்துவிட்டு, இருந்து வேலை செய்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான்.

அந்த வேலை லேசானதும் அல்ல. 29 அங்குல மவுண்டன் சில்லின் றிம்மும் றோட்டுச் சைக்கிளின் 700சீ றிம்மும் ஒரே அளவு, 622 மில்லிமீற்றர். கொழுத்த ரயரைப் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைப்பீர்கள். ஆனால் றோட்டுச் சைக்கிளின் முன்பக்கக் குழாய் நிலத்துக்கு 73 பாகை அளவில் நிமிர்ந்து நிற்கும். கார்பெட் றோட்டில் கை அசைத்தாலே திரும்பும். அதையே குருமணலில் விட்டால் முன் சில்லு வெட்டிக்கொண்டு போகும். இப்போதைய பந்தய மவுண்டன் சைக்கிளில் அது 67, 68 பாகைக்குச் சரிந்திருக்கும். ரயருக்கும் பிறேமுக்கும் இடையில் சேறு விழுந்து போக இடம் வேண்டும். இதெல்லாம் ஸ்டிக்கர் மாற்றி வருகிற விசயம் இல்லை.

என் கோபம் இங்கே நம் ஊரில் விற்கிற சாமானில்தான். வன்னியில் மலை இல்லை. குளக்கட்டுத்தான் எங்களுக்கு ஏற்றம். ஆனால் ஏ9 பெருந்தெருவை விட்டு உள்ளே திரும்பினால் தகரம் மாதிரி நெளிந்த கிரவல், மாரியில் களி. என் மகளுக்கு ஒரு கடையில் 'மவுண்டன் சைக்கிள்' வாங்கினேன். முன்போர்க்கில் ஸ்பிரிங், பிறேம் முழுக்க எழுத்து. மட்காட் இல்லை, கரியர் இல்லை, புத்தகப் பை முதுகில். முதல் மாரியிலேயே போர்க்குக்குள் தண்ணீர் இறங்கிக் கறள் பிடித்து இறுகிவிட்டது. அதற்குப் பிறகு அது ஸ்பிரிங் இல்லை, சும்மா சுமக்கிற இரும்பு. பள்ளிக்கூடம் போகிற வழியில் பூவரசங் குச்சியால் பிறேக்குக்குள் இறுகின களியைக் கிண்டிக்கொண்டு நின்ற பிள்ளையை நான் பார்த்தேன். வெள்ளைச் சட்டை இடுப்புவரை செம்மண். அந்தச் சைக்கிளைச் செய்தவர் ஒரு நாள், ஒரேயொரு நாள், துணுக்காய்ப் பக்கம் மார்கழியில் ஓடியிருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

அப்பாவின் பழைய றலிச் சைக்கிளை நினைக்கிறேன். தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் விறகு, நெல் மூட்டை, காய்ச்சல்காரர் எல்லாம் அதில்தான். பற்றறியும் தடை. இரவில் ஸ்டாண்டில் நிறுத்தி நான் பெடல் மிதிக்க, டைனமோவில் றேடியோ செய்தி சொல்லும். மிதி குறைந்தால் குரல் தேயும், அப்பா "மிதி, மிதி" என்பார். அதில் மவுண்டன் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. 28 அங்குலச் சில்லு, நீளமான பிறேம், சரிந்த போர்க். பள்ளம் திட்டி பார்க்காமல் போகும்.

மகளின் சைக்கிளில் அந்த ஸ்பிரிங் போர்க்கைக் கழற்றிவிட்டேன். வெறும் இரும்புப் போர்க் போட்டேன். நீளம் பார்த்துத்தான் போட வேண்டும், கட்டையானால் முன்பக்கம் தாழ்ந்து ஹாண்டில் துடிக்கும். றலியின் கரியரை வெட்டி ஒட்டிப் பூட்டினேன். மட்காட்டை ரயரிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தேன். இந்த மாரி முழுக்க ஓடினாள்.

அதைப் பார்த்து அவளோடு படிக்கிற மூன்று பிள்ளைகள் தங்கள் சைக்கிளையும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். மல்லாவி, மாங்குளம், கிளிநொச்சிப் பக்கம் யாரிடமாவது 26 அங்குலச் சில்லுக்கான ஸ்பிரிங் இல்லாத நீளப் போர்க் சும்மா கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். நானே வந்து எடுப்பேன்.