“ஒரு உரிமம் போதும்” என்று சொல்கிறவர்களுக்கு

மது இறக்குமதி வணிகம் பற்றி ஒருவர் வெளியிட்டு, நேற்று முன்தினத்திலிருந்து பலரும் பகிர்ந்துவரும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றே இருந்தேன். “இறக்குமதி உரிமம் ஒன்றை வாங்கிவிட்டால் போதும், அடுத்த மாதமே நீங்கள் மது வணிகர்” என்று அவர் சிரித்தபடி சொன்னதையும், வந்த சரக்கை எங்கே வைப்பது என்று அதன் கீழே நான் கேட்ட ஒரே ஒரு கேள்விக்காக எனக்குச் சூட்டப்பட்ட பட்டங்களையும் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவைப்படாது.

இறக்குமதி உரிமம் என்பது சரக்கை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கான அனுமதி மட்டுமே. கிடங்கில் வைப்பதற்கு, மொத்தமாக விற்பதற்கு, சில்லறையாக விற்பதற்கு என்று மற்ற அனுமதிகளைப் பெரும்பாலான நாடுகள் தனித்தனியாகவே பிரித்து வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் இறக்குமதியாளருக்குக் கூட்டரசின் அடிப்படை அனுமதி வேண்டும், லேபிளுக்குத் தனி ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் எந்த மாநிலத்தில் விற்கிறாரோ அந்த மாநிலத்தின் விதிகளுக்கும் உட்பட வேண்டும். 1933இல் மதுவிலக்கை நீக்கிய அதே 21ஆவது அரசமைப்புத் திருத்தம்தான் இந்த அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. இந்தியாவில் சுங்கவரி ஒன்றிய அரசிடம், மதுவின் மீதான ஆயத்தீர்வை, அதாவது கலால் வரி, மாநிலங்களிடம். ஒரு மாநிலத்தில் பதிவு செய்த லேபிளை வைத்துக்கொண்டு அடுத்த மாநிலத்தில் விற்க இயலாது. இவ்வளவும் அந்தக் காணொளியில் “மற்ற சில சம்பிரதாயங்கள்” என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டது.

புட்டியின் அளவுகூடச் சட்ட விஷயம் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? ஐரோப்பாவில் விஸ்கியின் வழக்கமான அளவு 700 மில்லி லிட்டர். 2020ஆம் ஆண்டின் இறுதி வரை அந்தப் புட்டியை அமெரிக்காவில் விற்க முடியாமல் இருந்தது, அங்கே வழக்கமான அளவு 750. வலிமையும், அதாவது ஆல்கஹாலின் அளவும், அப்படித்தான்: 40 விழுக்காட்டுக்குக் குறைந்த எதையும் ஸ்காட்ச் விஸ்கி என்று அழைக்க முடியாது.

நான் ஏட்டில் படித்துவிட்டுப் பேசவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து ஒரு கண்டெய்னர் வைன் வரவழைத்தோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள், பெட்டிக்கு 12 புட்டிகள். உரிமம் எங்கள் கையில் இருந்தது, அதுவும் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டு. லேபிளில் இறக்குமதியாளரின் பெயர் இல்லை. வலிமை 13 விழுக்காடு என்று அச்சிட்டிருக்க, ஆய்வக அறிக்கை 13.9 என்றது. சரக்கு நின்றது. டெமரேஜ், அதாவது துறைமுகத்தில் சரக்கு தேங்கும் நாள்களுக்கான கட்டணம், ஓடியது. இன்வாய்ஸை நூறு முறை பார்த்த நான் பின்பக்க லேபிளை ஒருமுறைகூடப் படித்திருக்கவில்லை. கடைசியில் பிணைக் கிடங்குக்கு (தீர்வை கட்டும் முன் சரக்கை வைக்கும், அரசின் கண்காணிப்பிலுள்ள கிடங்கு) மாற்ற அனுமதி வாங்கி, புட்டி புட்டியாகப் புதிய லேபிளை ஒட்டி முடித்தபோது, அந்த நண்பர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். இன்று வரை பேசவில்லை.

காணொளிக்காரர் போட்ட லாபக் கணக்கைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. இன்வாய்ஸ் விலையிலிருந்து நேரே விற்பனை விலைக்குத் தாவிவிட்டார். பல நாடுகளில் மதுவின் ஆயத்தீர்வை விலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை, அதிலுள்ள தூய ஆல்கஹாலைப் பார்த்துப் போடப்படுகிறது. 40 விழுக்காடு வலிமையுள்ள 700 மில்லி புட்டியில் அது 280 மில்லி. மலிவான புட்டிக்கும் விலையுயர்ந்த புட்டிக்கும் ஒரே தீர்வை. இதோடு சுங்கவரி தனி, சரக்கின் விலையோடு இவை இரண்டையும் சேர்த்த தொகையின் மேல் விற்பனை வரி தனி. பிணைக் கிடங்கில் வைத்திருக்கும் வரை தீர்வையைத் தள்ளிப்போடலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாகப் பிணை கொடுக்க வேண்டும், கிடங்கிலிருந்து பெட்டி காணாமல் போனால் குடிக்காத மதுவுக்கும் தீர்வை கட்ட வேண்டியிருக்கும்.

“இவ்வளவு உரிமங்கள் இருப்பதே லஞ்சத்துக்குத்தான்” என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன், தேவையற்ற படிகள் உண்டு. ஆனால் மெத்தனால் கலந்த சரக்கு உயிரைக் குடிக்கும்போது, அது யார் வழியாக வந்தது என்று பின்னோக்கித் தேட உதவுவதும் இந்தக் காகிதங்கள்தான். “குடியைப் பற்றி எதற்கு எழுதுகிறாய்” என்று கேட்டவருக்கு மறுமொழி சொல்லப் போவதில்லை.

என்னைக் காயப்படுத்தியது வேறொன்று. ஆலோசனைக் கட்டணம் போய்விடும் என்ற பயத்தில்தான் இளைஞர்களை மிரட்டுகிறேனாம். ஐயா, பத்து ஆண்டுகளாக இதே பக்கத்தில் ஒரு காசு வாங்காமல் எத்தனை பேருடைய ஆவணங்களைப் படித்துப் பிழை சொல்லியிருக்கிறேன் என்பது, அந்தக் கருத்துக்கு விருப்பக்குறி இட்ட உங்களில் சிலருக்கே தெரியும். தெரிந்தும் இட்டீர்கள். பெரிய நிறுவனங்களுக்கு வழக்கறிஞர் படையே இருக்கிறது, அவர்களுக்கு என் எச்சரிக்கை தேவையில்லை. வீட்டை அடகு வைத்து முதல் கண்டெய்னரைக் கொண்டுவரும் ஒருவர் “ஒரு உரிமம் போதும்” என்பதை நம்பிவிட்டால், துறைமுகத்தில் அவர் தனியாகத்தான் நிற்பார். காணொளிக்காரர் அங்கே வரமாட்டார்.

இன்று காலை பார்த்தேன், என் கேள்வி நீக்கப்பட்டிருக்கிறது. கேட்டது இவ்வளவுதான்: “இறக்குமதி உரிமம் கிடைத்துவிட்டது, சரக்கும் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, மொத்த விற்பனை உரிமம் இல்லாத நிலையில் அதை எந்தக் கிடங்கில், யாருடைய பிணையில் வைக்கச் சொல்கிறீர்கள்?”