கண் திறந்தால் போதுமா?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், உருண்டை எது, கனசதுரம் எது என்று தொட்டே அறியப் பழகியிருக்கிறார். அவருக்குப் பார்வை வந்துவிட்டால், தொடாமலே எது எது என்று சொல்லிவிடுவாரா? 1688-இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மோலினோ, தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்குக் கடிதம் எழுதிக் கேட்ட கேள்வி இது. திருமணமாகிச் சில காலத்திலேயே பார்வை இழந்தவர் மோலினோவின் மனைவி. அதனால் இதை வெறும் அறிவு விளையாட்டாக என்னால் நினைக்க முடியவில்லை. கேட்டவரும் கேட்கப்பட்டவரும் ‘முடியாது’ என்றே சொன்னார்கள்.

முறையான சோதனையின் விடை இந்தியாவிலிருந்து வந்தது. பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சை தந்து, அவர்கள் பார்க்கக் கற்பதையும் ஆராய, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர் பவன் சின்ஹா இங்கே தொடங்கியது ‘பிரகாஷ்’ திட்டம். அதில் பார்வைக்காக அறுவை சிகிச்சை பெற்ற, பிறவியிலேயே பார்வையற்றிருந்த, 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. ஒரு கட்டையைப் பார்த்துவிட்டு, அதையே இரண்டு கட்டைகளுக்கு நடுவே கண்ணால் அடையாளம் காண்பதில் 92 சதவீதம் சரி. ஆனால் கையால் மட்டும் தடவிய கட்டையைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னபோது 58 சதவீதம்தான். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வந்துவிடும்! கண் பழுதில்லாமல் பார்த்தது, கையும் பழுதில்லாமல் அறிந்தது. ஒன்று அறிந்தது மற்றொன்றுக்குப் போய்ச் சேரவில்லை.

என்னை உலுக்கியது அடுத்து நடந்ததுதான். மறுபடி சோதிக்கப்பட்ட பிள்ளைகள், தனிப்பயிற்சி எதுவுமின்றி, சில நாட்களிலேயே வெகுவாகத் தேறிவிட்டார்கள். பொருள்களை எடுப்பது, வைப்பது, பார்த்துக்கொண்டே தொடுவது என்ற அன்றாடப் புழக்கமே போதுமானதாக இருந்திருக்கிறது. புலன்கள் அறிவைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் உழைப்பில்தான் அறிவு உருவாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் பார்வையை மறைத்திருந்தது பிறவிக் கண்புரை. அதைச் சீக்கிரம் அகற்றுவதே நல்லது. அதில் மாற்றுக் கருத்தில்லை. தாமதித்தால் பார்வையின் கூர்மை முழுமையாகத் திரும்புவதில்லை. அதற்காக, எட்டு வயதாகிவிட்டது, பத்து வயதாகிவிட்டது, இனி அறுவை செய்தும் பயனில்லை என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியாது. 17 வயது வரையிலான பிள்ளைகள் பார்க்கக் கற்றுக்கொண்டதை இந்த ஆய்வு காட்டியிருக்கிறது. குழந்தையின் கருமணியில் வெண்மை தெரிந்தால் தலையெழுத்து என்று இருந்துவிடாமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வயது கடந்துவிட்டதென்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.